டேங்க் அடியில் ஒரு சொட்டு

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து, பழைய வேன்களின் பெட்ரோல் டேங்க் கசிவு பற்றியவை. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அண்ணா, நான் திருச்சிக்காரன், இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். போன வருடம் 1987 மாடல் ஃபோக்ஸ்வேகன் டி25 கேம்பர் வேன் ஒன்று வாங்கினேன், 2.1 லிட்டர் இன்ஜெக்‌ஷன் எஞ்சின். ஒரு மாதமாக உள்ளே உட்கார்ந்தாலே பெட்ரோல் வாடை, வண்டி நின்ற இடத்தில் முன்பக்கமாகத் தரையில் ஈரம். பட்டறையில் காட்டினால் டேங்க் அவுட்லெட் சீல் போய்விட்டது, அதை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார்கள். கேட்கும் கூலி சீல் விலையைப் போல பல மடங்கு. நானே மாற்றலாமா?
— லெஸ்டர் வாசகர்

பதில்: மாற்றலாம் தம்பி, ஒரு சனி ஞாயிறு போதும். ஆனால் 'அதை மட்டும்' என்று சொன்னார்களே, அந்த வார்த்தையைத்தான் முதலில் மறக்க வேண்டும்.

உங்கள் வண்டி 1979-ல் வந்த வகை. பிரிட்டனில் டி25, அமெரிக்காவில் வானகன், மற்ற இடங்களில் டி3 என்பார்கள். ஐரோப்பாவில் 1992-லேயே நின்றுவிட்டது, தென்னாப்பிரிக்காவில் மட்டும் 2002 வரை செய்தார்கள். ஆக, ஐரோப்பாவில் செய்த எந்த டி25 ஆனாலும் முப்பது வயதைத் தாண்டியதுதான், சீல்களை யாரும் மாற்றவில்லை என்றால் அவற்றுக்கும் அதே வயது. டேங்கில் இருப்பது ஒரு சீல் இல்லை. அடியில், எஞ்சினுக்குப் பெட்ரோல் வெளியேறும் அவுட்லெட் குழாய் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர், பெட்ரோல் ஊற்றும் கழுத்து டேங்கோடு சேரும் இடத்தில் ஒன்று, மேலே அளவு காட்டும் மிதவைக்கு அடியில் ஒரு வளையம், அப்புறம் காற்றுக்குழாய்கள் நுழையும் இடங்களில் சின்னச் சின்ன ரப்பர்கள். அந்தக் காற்றுக்குழாய்கள் முன் சக்கர வளைவுகளுக்கு மேலே இருபுறமும் ஒளிந்திருக்கும் இரண்டு குட்டி டேங்குகளுக்குப் போகின்றன. எல்லாம் ஒரே நாளில் பிறந்தவை, ஒரே பெட்ரோலில் ஊறியவை. அடியில் இருப்பது இறுகி வெடித்துவிட்டது என்றால் மேலே இருப்பவை மட்டும் புதிதாக இருக்குமா?

நான் இங்கிலாந்தில் இருந்த காலத்தில் என் டி25-ல் இதே தவறைச் செய்திருக்கிறேன். அவுட்லெட் சீலை மட்டும் மாற்றிவிட்டு டேங்கை ஏற்றினேன், இரண்டு மாதம் ஒரு சொட்டு இல்லை. அப்புறம் ஒரு நீண்ட பயணத்துக்காக முதல் தடவையாக டேங்கை நிரப்பினேன், பங்கிலிருந்து வெளியே வந்து முதல் வளைவு திரும்புவதற்குள் பின்னால் உட்கார்ந்திருந்த குழந்தைகள் 'நாறுது' என்றார்கள். மேல் சீல். மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றி, மறுபடியும் டேங்கை இறக்கி, அதே முதுகுவலி. சீல்கள் சில பவுண்டு விஷயம், டேங்கை இறக்குவதுதான் வேலை. இறக்கியாகிவிட்டது என்றால் அத்தனை ரப்பரையும் மாற்றிவிட வேண்டும். டேங்குக்கான முழு சீல் செட்டாகவே விற்கிறார்கள், அதையே வாங்குங்கள். கூடவே அவுட்லெட்டின் பிளாஸ்டிக் குழாய் ஒன்றும் வாங்குங்கள், பழையது பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும், ரப்பரிலிருந்து உருவும்போதே உடையும். உடையவில்லை என்றாலும் அதைத் திரும்பப் போடாதீர்கள்.

இறக்குவதற்கு முன்னால் எந்த சீல் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அவுட்லெட்டில் அழுத்தம் எதுவும் கிடையாது, பம்ப் அதற்கு அப்புறம்தான் வருகிறது. டேங்கில் இருக்கிற பெட்ரோலின் எடைதான் அதை அழுத்துகிறது. அதனால் அது ஓடும்போதும் சொட்டும், ராத்திரி நிற்கும்போதும் சொட்டும், கால் டேங்க் இருந்தாலும் சொட்டும். மேல் சீல்கள் அப்படி இல்லை, டேங்க் நிறைந்திருந்தால், அல்லது மேடேறினால், வளைந்தால்தான் கசியும், பாதி காலியானதும் வாடை தானாக நின்றுவிடும். நிறைய பேர் அங்கேதான் ஏமாறுகிறார்கள், சரியாகிவிட்டது என்று நினைத்து அடுத்த தடவை நிரப்பும்வரை விட்டுவிடுகிறார்கள். வெயிலும் இதில் சேரும். பெட்ரோல் ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். பூமிக்கடியில் குளிர்ந்து கிடந்த 60 லிட்டர், வெயிலில் 15 டிகிரி ஏறினால் முக்கால் லிட்டருக்கு மேல் கூடிவிடுகிறது, அந்தக் குட்டி டேங்குகள் இருப்பதே அதற்காகத்தான். போகிற வழியில் ரப்பர் ஓட்டை என்றால் அந்த முக்கால் லிட்டர் உங்கள் கால் மிதியடிக்குக் கீழே இறங்கும்.

சரி, வேலைக்கு வருவோம். நாள் குறித்துவிட்டு அதற்கு முன்பே வண்டியை ஓட்டி டேங்கைக் காலி செய்துகொண்டு வாருங்கள். இது சோம்பேறித்தனத்துக்காகச் சொல்லவில்லை. பிரிட்டனில் வீட்டில் யாருக்கும் தெரிவிக்காமல் வைத்துக்கொள்ள அனுமதி 30 லிட்டர்தான், அதுவும் பிளாஸ்டிக் கேன் என்றால் ஒன்றில் 10 லிட்டர், உலோகக் கேன் என்றால் 20. டேங்க் பிடிப்பதோ 60. வேலை செய்யும் இடம் வெளியே, காற்றோட்டத்தில், சமதளத்தில் இருக்கட்டும். பள்ளம் தோண்டிய பட்டறைக் குழிக்கு மேல் வேண்டவே வேண்டாம், வீட்டு கராஜுக்குள்ளும் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், தரையோடு தவழ்ந்து போய்ப் பள்ளத்தில் தங்கும், எங்கேயோ எரிகிற பாய்லர் சுடரைத் தேடிப் பிடிக்கும். கேம்பர் வேன் என்பதால் இன்னொன்று: உங்கள் வண்டியில் கேஸ் ஃப்ரிட்ஜ் இருந்தால் அதற்குள் ஒரு சின்னச் சுடர் எரிந்துகொண்டிருக்கும். அதை அணைத்து, சிலிண்டர் வால்வையும் மூடிவிட்டுத்தான் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் கழற்றி ஓரமாக ஒதுக்குங்கள். கம்பி வைத்த ஹேண்ட் லாம்ப் வேண்டாம், கீழே விழுந்து பல்பு உடைந்தால் போதும், காரியம் முடிந்தது. பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வண்டியை ஜாக்கில் மட்டும் தூக்கிவிட்டு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கொடுத்துக் கைகளால் ஆட்டிப் பாருங்கள். அவுட்லெட் ஹோஸைக் கழற்றி மிச்ச பெட்ரோலைக் கேனில் பிடியுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், முழங்கை வழியாக அக்குளுக்குள் வழிவது எல்லோருக்கும் நடக்கும், கண்ணில் மட்டும் விழக்கூடாது. எந்தக் குழாய் எங்கே போகிறது என்று போனில் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் டேப் சுற்றி நம்பர் போடுங்கள். டேங்கை இரண்டு பட்டைகள் தாங்குகின்றன, அவற்றின் போல்ட்டுகள் துருவில் வெல்டிங் வைத்தது மாதிரி இருக்கும், முந்தின வாரமே துரு எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள், சூடு காட்டி எடுக்கிற பழக்கத்தை இந்த இடத்தில் மறந்துவிடுங்கள். டேங்குக்கு அடியில் ஒரு பலகை, பலகைக்கு அடியில் ஜாக், அப்புறம் பட்டைகளைத் தளர்த்தி நாலு விரல் இறக்கி நிறுத்துங்கள். மேலே இருக்கிற குழாய்களும் மிதவையின் வயரும் அப்போதுதான் கைக்கு எட்டும். அவற்றைக் கழற்றாமல் முழுவதும் இறக்கினால் பிளாஸ்டிக் குழாய் ஒடியும்.

இறங்கியதும் டேங்கின் மேற்பக்கத்தைப் பாருங்கள். ரோட்டுச் சேறு முப்பது வருடமாக அங்கேதான் குந்தியிருக்கிறது, துருவும் அங்கேதான் தொடங்கும். எந்த ஓட்டையையும் திறப்பதற்கு முன்னால் சேற்றைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அத்தனையும் டேங்குக்குள் போய் அப்புறம் ஃபில்டரை அடைக்கும். பழைய ரப்பரை எடுக்க ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள். சீல் உட்காரும் தகட்டு விளிம்பில் விழுகிற ஒரு கீறல் போதும், எத்தனை புது சீல் போட்டாலும் அந்தக் கீறல் வழியாகச் சொட்டும். பழசை பிளேடால் அறுத்து இரண்டாக எடுங்கள், விளிம்பை மெல்லிய எமரித் தாளால் கையாலேயே வழவழப்பாக்கித் துணியால் துடையுங்கள்.

புது ரப்பரைக் கொஞ்ச நேரம் சுடுதண்ணீரில் போட்டு எடுத்தால் இளகும், நன்றாகத் துடைத்துவிட்டு முதலில் டேங்க் ஓட்டையில் உட்காரவையுங்கள். அதன் பள்ளத்துக்குள் தகடு சுற்றிலும் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அப்புறம் பிளாஸ்டிக் குழாயில் துளி என்ஜின் ஆயில் தடவி நேராக அழுத்துங்கள், திருகினால் ரப்பர் மடியும். பசை, சிலிக்கான் எதுவும் வேண்டாம். நான் பார்த்த ஒரு வண்டியில் ஒரு பட்டறைக்காரர் சீலைச் சுற்றி சிவப்பு சிலிக்கானை வெண்ணெய் மாதிரி அப்பியிருந்தார். சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் ஊதிப்போய் உரியும், உரிந்த துண்டுகள் ஃபில்டர் வரை போயிருந்தன. நல்ல சீல் உலர்ந்த ஓட்டையில் தானே பிடிக்கும், பிடிக்கவில்லை என்றால் அளவு தப்பு.

ஹோஸ்களையும் மாற்றுங்கள். வெளியே துணி சுற்றிய பழைய ஹோஸ் இருந்தால் உள்ளே வெடித்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கும் ஹோஸ் கேளுங்கள். கிளிப்பும் வழவழப்பான பட்டை கொண்ட பெட்ரோல் ஹோஸ் கிளிப்பாக இருக்கட்டும், பல் வெட்டிய கிளிப் ரப்பரைக் கடித்துவிடும். திரும்ப ஏற்றியதும் ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றி, அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் அவுட்லெட் தேறிவிட்டது. மேல் சீல்களுக்கு அது போதாது, பங்குக்குப் போய் நிரப்பி, முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை சரிவில் நிறுத்திப் பார்த்த பிறகுதான் குடும்பத்தை ஏற்ற வேண்டும்.

நான்கு சக்கரமும் இழுக்கிற சிங்க்ரோ மாடலில் டேங்க் பின்பக்கம் இருக்கிறது. நான் சொன்ன இடங்கள் அதற்குப் பொருந்தாது.

கேள்வி: அண்ணை, என்னட்ட 1974 ஃபோக்ஸ்வேகன் வான் ஒண்டு நிக்குது, அப்பா வாங்கினது. பின்பக்கம் எஞ்சின் பெட்டிக்குள்ள பெட்ரோல் மணக்குது. டேங்க் அவுட்லெட் ஹோஸ் மாத்த எஞ்சினை இறக்க வேணும் எண்டு கராஜ்காரர் சொல்லுறார், உண்மையோ?
— யாழ்ப்பாண வாசகர்

பதில்: உண்மைதான். அவர் உங்களை ஏமாற்றவில்லை. டி25-ல் டேங்க் முன்னால், உங்கள் டி2-வில் பின்னால், எஞ்சினுக்கு முன்னே ஒரு தகட்டுச் சுவருக்கு மறுபுறம். அவுட்லெட்டில் இருந்து வரும் ஹோஸ் அந்தச் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. எஞ்சினை இறக்கி, அந்தத் தகட்டைக் கழற்றினால்தான் டேங்கையும் அதன் ரப்பர்களையும் ஒழுங்காகப் பார்க்கலாம். கையை நுழைத்து எப்படியாவது ஹோஸை மாட்டிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால், மாட்டிய கிளிப்பை அவரால் கண்ணால் பார்க்க முடிந்ததா என்று கேளுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வண்டி உங்கள் லெஸ்டர் நண்பரின் வண்டியைவிட ஆபத்தானது. அங்கே சொட்டினால் ரோட்டில் விழும். இங்கே சொட்டினால் சூடான எஞ்சினும், டைனமோவும், டிஸ்ட்ரிபியூட்டரும் இருக்கிற அறைக்குள் விழும். காற்றால் குளிரும் பழைய ஃபோக்ஸ்வேகன் வான்கள் எரிந்துபோன கதைகளில் பாதிக்கு மேல் சில ரூபாய் ஹோஸில் ஆரம்பிப்பதாகத்தான் நான் இத்தனை வருடத்தில் பார்த்திருக்கிறேன். மணக்கிறது என்றால் அப்பாவின் வான் இன்றையிலிருந்து ஓடக்கூடாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு நிறுத்துங்கள். எஞ்சினை எப்படியும் இறக்கத்தானே போகிறார்கள், கிளட்ச் பிளேட், கிராங்க் ஆயில் சீல், டேங்குக்குப் போகும் காற்றுக்குழாய்கள் எல்லாவற்றையும் அதே மூச்சில் பார்த்துவிடச் சொல்லுங்கள். காற்றால் குளிரும் எஞ்சினில் இறக்குவது சில போல்ட் வேலை, பழகியவர்களுக்கு ஒரு காலைப் பொழுது.

கேள்வி: என்னிடம் ஒரு பழைய பெட்ரோல் வேன் இருக்கிறது, டேங்க் அவுட்லெட் வாஷர் எங்கேயும் கிடைக்கவில்லை. சைக்கிள் ட்யூபை வெட்டிப் போட்டேன், மூன்று வாரத்தில் ஊறிப் பெரிதாகிவிட்டது. பட்டறையில் பழைய வாஷரைக் கொடுத்தால் அச்சு எடுத்து ரப்பரில் செய்து தருகிறோம் என்கிறார்கள். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது தாங்குமா?
— கோயம்புத்தூர் வாசகர்

பதில்: ட்யூப் ரப்பர் காற்றைப் பிடிக்கச் செய்தது ஐயா, பெட்ரோலைப் பிடிக்க இல்லை. ரேடியேட்டர் ஹோஸ் ரப்பரும் அப்படித்தான், தண்ணீருக்கு வருடக்கணக்கில் உழைக்கும், பெட்ரோலில் போட்டால் ஊறி உப்பும். கறுப்பாக, வளைகிற மாதிரி இருக்கிறதெல்லாம் ஒரே ரப்பர் இல்லை.

அந்தக் காலத்து வாஷர்கள் பெரும்பாலும் நைட்ரைல் என்ற ரப்பர். பழைய பெட்ரோலுக்கு அது நன்றாகவே உழைத்தது. இப்போது நம் ஊர் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலிலேயே 10 சதவீதம் வரை கலக்கிறார்கள், அதனால் லெஸ்டர் தம்பியும் இதைப் படிக்கட்டும். எத்தனால் வயதான நைட்ரைலை முதலில் ஊதவைக்கும், பிறகு அதை மென்மையாக வைத்திருக்கும் இளக்கியை உறிஞ்சி எடுத்துவிடும். வண்டி சில மாதம் நின்று காய்ந்தால் ரப்பர் சுருங்கி வெடிக்கும். ஓட்டாமல் வைத்திருக்கிற வண்டிதான் அதிகம் கசிகிறது என்பது இதனால்தான். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும், நீண்ட நாள் நின்றால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில், சரியாக உங்கள் அவுட்லெட் இருக்கிற இடத்தில் தங்கும்.

நீங்கள் கேட்க வேண்டிய பொருள் வைட்டான். கடைகளில் எஃப்கேஎம் என்றும் சொல்வார்கள். நைட்ரைலைவிடப் பல மடங்கு விலை, கொடுங்கள். உங்கள் ஊரில் பம்ப் தொழிலும் ரப்பர் அச்சு வேலையும் பெருத்தது, வைட்டானில் அச்சு அடித்துத் தருபவர்களைத் தேடினால் கிடைப்பார்கள். ரப்பரின் கடினத்தை ஷோர் என்ற அளவில் சொல்வார்கள், 70 பக்கம் இருந்தால் சரி, அதற்கு மேல் கல் மாதிரி போனால் ஓட்டைக்குள் உட்காராது.

முக்கியமானது: பழைய வாஷரைக் கொடுத்து அச்சு எடுக்காதீர்கள். அது முப்பது நாற்பது வருடம் ஊறி, சுருங்கி, நசுங்கி வேறு உருவம் ஆகியிருக்கிறது, அதைப் பார்த்துச் செய்தால் தேய்ந்த வாஷரைத்தான் புதிதாகச் செய்வார்கள். வெர்னியர் காலிப்பரை எடுத்து டேங்க் ஓட்டையின் விட்டம், தகட்டின் கனம், அவுட்லெட் குழாயின் வெளிவிட்டம் மூன்றையும் அளந்து கொடுங்கள். ரப்பரின் பள்ளம் தகட்டின் கனத்தைவிட ஒரு மயிரிழை குறைவாக, உள் ஓட்டை குழாயைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தால்தான் குழாயை அழுத்தும்போது ரப்பர் விரிந்து தகட்டைக் கவ்வும். நாலைந்து செய்து வாங்கிக்கொள்ளுங்கள், அச்சுக்குத்தான் காசு.

கேள்வி: டேங்கைக் கழற்றினேன், அவுட்லெட் பக்கத்தில் ஊசித் துளை அளவு துரு ஓட்டை. பெட்ரோலை வடித்து மூன்று நாள் வெயிலில் காயவைத்துவிட்டேன். பக்கத்துப் பட்டறையில் கேஸ் வெல்டிங் வைக்கலாமா?
— மதுரை வாசகர்

பதில்: வைக்கக்கூடாது. காலி டேங்க் நிறைந்த டேங்கைவிடப் பயங்கரமானது. நிறைந்த டேங்கில் எரிவதற்குக் காற்று இல்லை. காலி டேங்கில் காற்றும் இருக்கிறது, ஆவியும் இருக்கிறது, பெட்ரோல் ஆவி நூற்றுக்கு ஒன்றரை பங்கு காற்றில் கலந்திருந்தாலே வெடிக்கப் போதும். மூன்று நாள் வெயில் மேலே தெரியும் ஈரத்தைக் காயவைக்கும். மடிப்புகளிலும் துருவின் பொருக்குகளிலும் ஒளிந்திருக்கும் பெட்ரோல், வெல்டிங் சூடு பட்டதும்தான் ஆவியாகி வெளியே வரும். இப்படி வெடித்து வெல்டர்கள் செத்துப்போனதை நம் ஊர்ப் பேப்பர்களில் நீங்களே படித்திருப்பீர்கள். தண்ணீர் ஊற்றிவிட்டு வைக்கிறேன், சைலன்சர் புகையை விட்டுவிட்டு வைக்கிறேன் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், அவர்கள் தப்பித்தார்கள் என்பதற்காக நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம்.

டேங்க் ரிப்பேரை மட்டுமே தொழிலாகச் செய்து, நீராவியில் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்கிறவர்களிடம் கொடுங்கள். அல்லது வேறு டேங்க் தேடுங்கள். அவுட்லெட் பக்கத்தில் ஒரு ஓட்டை தெரிகிறது என்றால் சுற்றிலும் தகடு காகிதமாகியிருக்கும், புது சீல் கவ்வுவதற்கே அங்கே இரும்பு மிச்சம் இருக்காது. எபாக்சி பசை நடுரோட்டில் நின்றுபோனால் ஊர் வந்து சேர்வதற்கு, அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணா, மறுபடியும் லெஸ்டரிலிருந்து. என் மகனுக்கு 14 வயது, டேங்க் வேலையில் நானும் கூட இருப்பேன் என்று அடம் பிடிக்கிறான். விடலாமா?

பதில்: பெட்ரோலை வடிக்கிற நேரத்திலும், டேங்க் ஜாக்கில் இறங்குகிற நேரத்திலும் வேண்டாம். பத்தடி தள்ளி தீயணைப்பானோடு நிற்கச் சொல்லுங்கள், அந்த வேலைக்கு உண்மையாகவே ஒரு ஆள் வேண்டும். குழாய்களுக்கு நம்பர் போட்டு எழுதுவது அவன் பொறுப்பு. பெட்ரோலைக் கேனில் மூடி வைத்து, டேங்கை வெளியே காற்றில் போட்டதும் கையுறையும் கண்ணாடியும் கொடுத்துக் கூப்பிடுங்கள். அந்த மேல் சீல்களைப் பள்ளத்தில் உட்காரவைக்க நம் கட்டை விரல்கள் தடிமன், அவன் விரல் சுற்றிலும் போகும். அவன் உட்காரவைக்கட்டும், நீங்கள் தடவிப் பாருங்கள்.